யாரு முந்தி வந்தது? கார் ராலி முடிவைப் படிக்கும் முறை

எங்கள் பெரியப்பா மேலூர்ப் பக்கத்துக்காரர். இளவயதில் மாட்டுவண்டிப் பந்தயத்தில் சாரதியாக ஓட்டியவர். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய கார் ராலிக்கு நேரம் குறிக்கும் வேலையாக உசிலம்பட்டி சாலையில் ஒரு புளியமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். பெரியப்பாவும் கூட வந்து நின்றார். முதலில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. அவர் கைதட்டினார். நான் அட்டையில் நேரத்தை எழுதிக் கொடுத்தேன். அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. பதினைந்து கார்கள் போன பிறகு பக்கத்தில் வந்து கேட்டார்:

"ஏம்ப்பா, யாரு ஜெயிச்சது? அந்த வெள்ளக் காருதானே?"

"இன்னும் தெரியாது பெரியப்பா."

"யாரு முந்தி வந்ததுன்னு நாந்தான் பாத்தேனே. அதச் சொல்ல இம்புட்டு யோசனையா?"

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். அந்த வெள்ளைக் கார் ஒன்பதாவது இடத்தில் இருந்தது. அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கார் ஓட்டவே தெரியாதவர்களுக்கும் இது புரியும். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

மாட்டுவண்டிப் பந்தயத்தில் வண்டிகள் ஒன்றாகக் கிளம்பும். எல்லையைத் தொட்டுத் திரும்பி யார் முதலில் வருகிறாரோ அவருக்கே முதல் பரிசு. கண்ணால் பார்த்தே முடிவு சொல்லிவிடலாம். ராலியில் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இடைவெளி விட்டு அனுப்புவார்கள். 1-ம் எண் கார் 7 மணிக்குக் கிளம்பினால் 20-ம் எண் கார் 7.19-க்குத்தான் கிளம்பும். ஆகவே யார் முன்னால் வருகிறார் என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒவ்வொரு காரும் கடிகாரத்தோடு தனியாக மோதுகிறது. மற்ற கார்களைக் கண்ணால் பார்க்காமலேயே ஒருவர் ராலியை ஜெயித்துவிட முடியும்.

அந்தக் கடிகாரக் கணக்கு இரண்டு விதம். முதல் விதம்தான் புளியமரத்தடியில் நாங்கள் பார்த்தது. இதில் வேகம், தூரம், நேரம் மூன்றையும் ராலி நடத்துகிறவர்களே முடிவு செய்துவிடுவார்கள். நாகமலைப் புதுக்கோட்டையில் கிளம்பி, செக்கானூரணி தாண்டி, 24 கிலோமீட்டரில் ஒரு மேசை இருக்கிறது என்று வையுங்கள். மணிக்குச் சராசரி 36 கிலோமீட்டர் என்று கொடுத்திருக்கிறார்கள். 24-ஐ 36-ஆல் வகுத்தால் முக்கால் மணிக்கும் சற்றுக் குறைவு, சரியாக 40 நிமிடம். 7 மணிக்குக் கிளம்பிய கார் 7.40-க்கு மேசைக்கு வர வேண்டும். 7.39-ம் தப்பு, 7.41-ம் தப்பு.

மூன்று கார்களை எடுத்துக்கொள்வோம். முதல் கார் 7.00-க்குக் கிளம்பி 7.37-க்கு வந்துவிட்டது. இரண்டாவது 7.01-க்குக் கிளம்பி 7.41-க்கு வந்தது. மூன்றாவது 7.02-க்குக் கிளம்பி 7.44-க்கு வந்தது. தாமதத்துக்கு நிமிடத்துக்கு ஒரு புள்ளியும், முந்தி வந்தால் நிமிடத்துக்கு இரண்டு புள்ளியும் தண்டம் என்று விதி இருக்கிறது என்று வைப்போம் (இந்தக் கணக்கு போட்டிக்குப் போட்டி மாறும்). முதல் காருக்கு 6 புள்ளி தண்டம், இரண்டாவதற்கு ஒன்றுமில்லை, மூன்றாவதற்கு 2. மரத்தடியில் நின்று பார்த்தவர் கண்ணுக்கு முதலில் வந்த காரே பட்டியலில் கடைசி. ராலிப் புள்ளி என்பது வாங்கிக் குவிப்பது கிடையாது, இழப்பது. குறைவாக இழந்தவர் மேலே இருப்பார். பட்டியலைப் பார்க்கும்போது இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

முந்தி வந்தால் ஏன் இரட்டைத் தண்டம்? பெரியப்பாவும் அதைத்தான் கேட்டார். அந்தச் சாலையில் ஆடு மாடு வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள், அறுப்புக் காலத்தில் தாரிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். சாலை திறந்தே இருக்கிறது. அதில் ஒருவன் பறந்து வந்து மூன்று நிமிடம் மிச்சம் பிடித்தால், அந்த மூன்று நிமிடமும் ஊர்க்காரர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தது. உலக ராலி சாம்பியன்ஷிப்பிலும் இதே நியாயம்தான்: மேசைக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் 10 வினாடி தண்டம், ஒரு நிமிடம் முந்தி வந்தால் ஒரு முழு நிமிடம் தண்டம். ரிங் ரோட்டில் ராத்திரி பைக்கையும் காரையும் முறுக்குகிற பையன்கள் சிலர் அதற்கு 'ராலி' என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது தாங்க முடியாத வருத்தம். திறந்த சாலையில் வேகமாகப் போனவனை ராலி தண்டிக்கும். அதுதான் இந்த விளையாட்டின் அடிப்படை விதி.

அப்படியானால் வேகமே கிடையாதா? உண்டு. அதுதான் இரண்டாவது விதம். ஒரு சாலைத் துண்டை முழுவதுமாக மூடி, ஊர்க்காரர்களை அப்புறப்படுத்தி, மருத்துவ வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு, ஒவ்வொரு காராக உள்ளே விடுவார்கள். இதற்கு ஸ்பெஷல் ஸ்டேஜ் என்று பெயர். அங்கே முடிந்த மட்டும் வேகமாகப் போகலாம். எடுத்த நேரம் வினாடியாக, வினாடிக்கும் கீழே பின்னமாகக் கணக்கில் ஏறும். ஒரு ஸ்டேஜ் முடிந்ததும் அடுத்த ஸ்டேஜுக்குத் திறந்த சாலையில் சாதுவாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும், சிவப்பு விளக்குக்கு நின்று, டோல்கேட்டில் வரிசையில் நின்று. எல்லா ஸ்டேஜ் நேரத்தையும் கூட்டி, அதோடு தண்டத்தையும் கூட்டினால் வருவதுதான் இறுதிக் கணக்கு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிறுமலை மாதிரி ஒரு மலைப்பாதையை மூடி மூன்று தடவை ஓட்ட வைத்தார்கள் என்று கற்பனை செய்யுங்கள். ஒருவர் 9 நிமிடம் 12 வினாடியில் ஏறுகிறார், அடுத்த தடவை 9.05-ல் ஏறுகிறார். மூன்றாவது தடவை கல்லில் மோதி டயர் போய், மாற்றி, 14.30 ஆகிவிட்டது. கூட்டினால் 32 நிமிடம் 47 வினாடி. இன்னொருவர் 9.40, 9.38, 9.45 என்று ஒரே சீராக ஏறினார். அவருக்கு 29 நிமிடம் 3 வினாடி. மூன்றில் இரண்டு தடவை முதலில் வந்தவர், கிட்டத்தட்ட நாலு நிமிடம் பின்தங்கித் தோற்றுவிட்டார். நெடுந்தூர ராலிகளில் இது அடிக்கடி நடக்கும். 2024-ம் ஆண்டு சவுதி அரேபியாவில் நடந்த டக்கார் ராலியின் கார் பிரிவில் கார்லோஸ் சைன்ஸ் ஒரு நாள் ஸ்டேஜில்கூட முதலிடம் பிடிக்கவில்லை. செபாஸ்டியன் லோப் ஐந்து ஸ்டேஜ்களை ஜெயித்தார். ஆனால் இறுதியில் சைன்ஸ் முதலிடம், லோப் மூன்றாமிடம். இரண்டாவதாக வந்தவரைவிட சைன்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே மிச்சம் இருந்தது. அப்போது அவருக்கு வயது 61.

"வயசானவனுக்குத்தான் மாட்ட எங்க அடக்கிப் பிடிக்கணும், எங்க விட்டு ஓட்டணும்னு தெரியும்" என்றார் பெரியப்பா, அந்தச் செய்தியைக் கேட்டதும்.

முந்தி வருவதற்கும் ஜெயிப்பதற்கும் உள்ள இடைவெளியைக் காட்ட, நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு போட்டியைச் சொல்ல வேண்டும். 1908 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு ஆறு கார்கள் கிளம்பின. அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, பசிபிக் கடலைக் கப்பலில் தாண்டி, சைபீரியா வழியாக ஐரோப்பா. சாலை என்று சொல்லத்தக்கது பாதி வழியில் கிடையாது. ஜூலை 26 அன்று ஜெர்மனியின் புரோட்டோஸ் கார் முதலில் பாரிஸுக்குள் நுழைந்தது. அமெரிக்காவின் தாமஸ் ஃப்ளையர் நான்கு நாள் கழித்து, 30-ம் தேதி வந்தது. ஆனால் புரோட்டோஸ் அமெரிக்காவில் கொஞ்ச தூரம் ரயிலில் ஏறி வந்திருந்தது. அதற்கு 15 நாள் தண்டம். தாமஸ் ஃப்ளையர் விதிப்படி அலாஸ்கா வரை போய், அங்கே வழியில்லை என்று கண்டு திரும்பியிருந்தது. அந்த அலைச்சலுக்கு 15 நாள் சலுகை. கழித்துப் பார்த்தால் நான்கு நாள் பின்னால் வந்த கார் 26 நாள் வித்தியாசத்தில் வெற்றி. இன்று வினாடியில் போடுகிற கணக்கை அன்று நாள் கணக்கில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

நெடுந்தூர ராலிகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1968-ல் நடந்த லண்டன்–சிட்னி மாரத்தான். அந்த வழியில் நம் நாடும் இருந்தது. நவம்பர் 24 அன்று லண்டனின் கிரிஸ்டல் பேலஸில் 98 கார்கள் கிளம்பின. பாரிஸ், இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், டெல்லி, பிறகு பம்பாய். அங்கே 72 கார்களைச் சூசன் என்ற கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மூன்று நாளில் கண்டத்தையே குறுக்கே ஓட்ட வைத்தார்கள். டிசம்பர் 17 அன்று சிட்னியில் முடிந்தது. கணக்கு எளிமையானது: கொடுத்த நேரத்தைவிட ஒரு நிமிடம் தாமதமானால் ஒரு புள்ளி போய்விடும். பெரும்பாலான பகுதிகளில் நேரம் தாராளமாக இருந்தது. நடுநடுவே சில இடங்களில் மட்டும் கழுத்தைப் பிடிப்பதுபோல இறுக்கினார்கள். காபூலிலிருந்து சரோபிக்கு லத்தாபந்த் கணவாய்ப் பாதையில் ஒரே ஒரு மணி நேரம் கொடுத்தது அப்படி ஓர் இடம். ஆயிரக்கணக்கான மைல் ஓடியும், முடிவைத் தீர்மானித்தவை இந்தச் சில இடங்கள்தான்.

பம்பாய் வந்து சேர்ந்தபோது முன்னணியில் இருந்தவர் ரோஜர் கிளார்க், ஃபோர்டு லோட்டஸ் கார்ட்டினாவில். ஆஸ்திரேலியாவில் அவர் இஞ்சின் மக்கர் செய்தது. பிறகு பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலும் போனது. வழியில் கண்ட ஒரு கார்ட்டினா காரரிடம் கேட்டு, அவர் வண்டியிலிருந்தே கழற்றி வாங்கி மாட்டிக்கொண்டு தொடர்ந்து ஓட்டிப் பத்தாவதாக முடித்தார். அடுத்து முன்னணிக்கு வந்தவர் பெல்ஜியத்தின் லூசியன் பியாங்கி, சித்ரோன் டிஎஸ் காரில். சிட்னிக்குக் கொஞ்ச தூரம்தான் இருந்தது. எதிரே வந்த ஒரு மினி கார் நேருக்கு நேர் மோதி அவர் படுகாயமடைந்தார். பின்னால் வந்த பேடி ஹாப்கிர்க் குழு வெற்றி வாய்ப்பை விட்டுக்கொடுத்து, விபத்தில் சிக்கியவர்களை மீட்க நின்றது. அதுவரை பெரிதாக யாரும் பேசாத ஆண்ட்ரூ கோவன், காலின் மால்கின், பிரையன் கோயில் மூவரும், ஹில்மேன் ஹன்டர் என்ற சாதாரணக் குடும்பக் காரில் முதலிடம் பிடித்தார்கள்.

பட்டியலின் உச்சி இப்படி இருக்கும்: ஹில்மேன் ஹன்டர், கோவன் குழு, இழந்தது 50. பிஎம்சி 1800, ஹாப்கிர்க் குழு, 56. ஃபோர்டு ஃபால்கன், இயன் வான் குழு, 62. போர்ஷே 911, போலந்தின் சோபியெஸ்வாவ் சசாடா, 63. பாதி உலகத்தைக் கடந்து வந்த நால்வருக்கிடையே 13 நிமிட இடைவெளிதான். உலகத்தரமான போர்ஷேவை ஒரு குடும்பக் கார் முந்தியது எப்படி என்றால், கோவன் எந்த இடத்திலும் பெரிதாக எதையும் தொலைக்கவில்லை. வண்டி கடைசி வரை தாங்க வேண்டும் என்று ஓட்டினார். மூன்று பேர் இருந்ததால் ஒருவர் தூங்க இருவர் விழித்திருக்க முடிந்தது. இந்தப் பட்டியலை நான் எத்தனை முறை பார்த்தாலும் அந்த 50-க்கு அருகே பியாங்கியின் பெயரும் மனதில் வந்து நிற்கும். சாலையில் எதிர்வண்டி வரும் வாய்ப்பு ஒரு சதவீதம் இருந்தால்கூட அங்கே வேகப்போட்டி வைக்கக் கூடாது.

1977-ல் மறுபடியும் லண்டன்–சிட்னி நடந்தபோது வழி இன்னும் தெற்கே இறங்கி மெட்ராஸ் வரை வந்தது. அங்கிருந்து கப்பலில் பினாங்கு. அந்த முறையும் கோவன்தான் ஜெயித்தார், மெர்சிடிஸ் 280இ காரில்.

பட்டியலில் இன்னொரு விஷயத்தையும் பார்க்கப் பழக வேண்டும்: எத்தனை கார் கிளம்பியது, எத்தனை முடித்தது. 1968-ல் 98 கிளம்பி 56 முடித்தன. 1970-ல் லண்டனிலிருந்து மெக்சிகோவுக்கு நடந்த உலகக் கோப்பை ராலியில் 96 கிளம்பி 23-தான் முடித்தன. ஹன்னு மிக்கோலாவும் குன்னர் பாமும் ஃபோர்டு எஸ்கார்ட்டில் ஜெயித்தார்கள். அப்படிப்பட்ட ஒரு ராலியில் 23-ஆவது இடம் என்பது கடைசி இடம் என்று யாராவது சொன்னால், அவர் மீதி 73 கார்களை மறந்துவிட்டார். முடிக்காத கார்களுக்கு நேராக 'ரிட்டயர்டு' என்று போட்டிருப்பார்கள். ஓட்டுநர் ஓய்வு பெற்றார் என்று பொருள் கொள்ளக் கூடாது. வண்டி உடைந்தோ, விபத்தாகியோ, கொடுத்த அதிகபட்ச நேரம் தாண்டியோ விலகிவிட்டது என்று அர்த்தம்.

காரில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த விளக்கம் முழுமையாகாது. பந்தய வண்டியில் துணைச்சாரதி உண்டல்லவா, அதே மாதிரி ராலிக் காரிலும் நேவிகேட்டர் உண்டு. முடிவுப் பட்டியலில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும், பரிசும் இருவருக்கும் சேர்த்துத்தான். அவர் கையில் ரோடு புக் என்ற நோட்டு இருக்கும். அதில் ஊர்ப்பெயர் அதிகம் இருக்காது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னப் படம்: கீழே ஒரு புள்ளி, அது நீங்கள், அம்புக்குறி, அது போக வேண்டிய வழி. பக்கத்தில் கிளம்பிய இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், போன திருப்பத்திலிருந்து எத்தனை என்று இரண்டு எண்கள். நம் ஊரில் "அரசமரத்தடி பிள்ளையார் தாண்டி சோத்துக்கைப் பக்கம் திரும்பு" என்று வழி சொல்வோமே, அதைப் படமாக வரைந்தது போல. நெதர்லாந்தின் டூலிப் ராலியில் வழக்கத்துக்கு வந்ததால் அந்தப் படத்துக்கே டூலிப் என்று பெயர்.

நேவிகேட்டர் செய்கிற முதல் வேலை, காரின் கிலோமீட்டர் மீட்டரைச் சரிபார்ப்பது. நடத்துகிறவர்கள் 10 கிலோமீட்டர் என்று சொல்லும் தூரத்தை உங்கள் மீட்டர் 10.2 என்று காட்டலாம். டயர் காற்று கூடினாலும் குறைந்தாலும், டயர் தேய்ந்தாலும் அந்த எண் மாறும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து மனதில் வைத்துக்கொள்ளாமல் கிளம்பினால், 100 கிலோமீட்டரில் 2 கிலோமீட்டர் முன்கூட்டியே தவறான சந்தில் திரும்புவீர்கள். சராசரி வேகக் கணக்கும் கெடும். அந்தப் புளியமரத்தடி வெள்ளைக் கார் முந்தி வந்ததற்குக் காரணம் ஓட்டுநரின் ஆர்வக்கோளாறு இல்லை என்று பிறகு தெரிந்தது. அவர்கள் மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. பின்தங்கிவிட்டோம் என்று நினைத்து வேகம் கூட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக, பட்டியலில் 'ஓவரால்', 'கிளாஸ்' என்று இரண்டு வரிசை எண்கள் இருக்கும். ஓவரால் என்பது மொத்தத்தில் எத்தனையாவது. கிளாஸ் என்பது தன் வகை வண்டிகளுக்குள் எத்தனையாவது. இதைப் பெரியப்பாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய மாடு, சின்ன மாடு, அதைவிடச் சிறிய பூஞ்சிட்டு என்று தனித்தனியாக ஓட்டி, தனித்தனியாகப் பரிசு கொடுக்கும் ஊரில் வளர்ந்தவர் அவர். பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை ஓடவிட்டு ஜெயிக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ராலியில் ஒரே பாதையில் எல்லா வகையும் ஓடும், பட்டியலில் மட்டும் பிரிப்பார்கள். பட்டியல் ஒட்டியதும் பொதுவாக அரை மணி நேரம் ஆட்சேபம் சொல்ல விடுவார்கள், அதற்குப் பிறகுதான் அது உறுதியாகும். அதனால் முதலில் ஒட்டுகிற தாளை வைத்துக்கொண்டு பட்டாசு வெடிக்கக் கூடாது.

டக்கார் ராலி ஜனவரியில், நமக்குப் பொங்கல் சமயத்தில் நடக்கும். 2024 ஜனவரியில் ஊரெல்லாம் அலங்காநல்லூரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா என்னிடம் தினமும் சவுதி முடிவைக் கேட்பார். பைக் பிரிவில் நம் பக்கத்து மாநிலத்துக்காரர், ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக. மதுரையில் பஸ் விட்டுத் தொழில் தொடங்கியவர்களின் பெயர் அந்தப் பாலைவனத்து பைக்கில் இருக்கிறது என்று சொன்னதிலிருந்து அவருக்கு அக்கறை கூடிவிட்டது. ஜனவரி 19 அன்று ராலி முடிந்ததும் போனில் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை மெதுவாகக் கீழே நகர்த்தினார்.

"பதினொண்ணாவதுல இருக்கானப்பா."

"அது ஓவரால் பெரியப்பா. பக்கத்துல பாருங்க."

ராலி 2 பிரிவு, முதல் இடம். ஒரு நொடி நிதானித்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அட, பூஞ்சிட்டுல கொடி வாங்கிருக்கான்யா!" என்று உள்ளே பெரியம்மாவுக்குக் கேட்கும்படிக் கத்தினார்.